டிரான்ஸ் கனடா டிரெயிலில் முதல் சைக்கிள் பயணம்: எந்தப் பகுதி, என்ன டயர்?

அட்லாண்டிக், பசிபிக், ஆர்க்டிக் மூன்றையும் தொடும் இந்தத் தடம் 28,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும். அதை நம்பிக் கிளம்பினால் சிக்கல்தான். ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு நகராட்சி, மாகாணம் அல்லது உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே தூரத்தை அளப்பதற்கு முன் தரை எப்படி, யாருக்கெல்லாம் அனுமதி, இப்போது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுப்பீரியர் ஏரியின் வடகரையில் கோட்டின் பெரும்பகுதி துடுப்புப் படகுக்கானது. சைக்கிளோடு போனால் கரையில் நிற்க வேண்டியதுதான்.

முதல் முறைக்கு இந்தத் தடத்தின் ஒரு பகுதியான, கிழக்குக் கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கான்ஃபெடரேஷன் டிரெயில் போதும். 1989இல் கைவிடப்பட்ட ரயில் பாதை. ரயிலுக்காகப் போட்டது என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. மேற்கே டிக்னிஷிலிருந்து கிழக்கே எல்மைரா வரை 273 கி.மீ. நாளுக்கு 55 வீதம் ஐந்து நாள். மேற்கில் தொடங்குங்கள், கோடைக்காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்து தள்ளும். ஜூலை, ஆகஸ்டில் தங்குமிடத்தை முன்பதிவு செய்துவிட்டே புறப்பட வேண்டும். பனிக்காலத்தில் தடம் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டுபவர்களுக்குப் போய்விடும்.

தரை, இடித்து அமுக்கிய கல்தூள். 38 முதல் 40 மி.மீ. டயரில் 40 பிஎஸ்ஐ அளவில் காற்று அடித்தால் நன்றாக உருளும். ஒல்லி டயர் மழைக்குப் பிறகு புதையும். இங்கே பஞ்சரைவிடத் தொல்லை தருவது சங்கிலிதான்: எண்ணெயோடு கல்தூள் சேர்ந்து பற்சக்கரத்தை அரைக்கும். தினமும் மாலையில் துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கூடினால் தூசியும் கூடும். இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் சாமான், பம்ப், டயர் நெம்பி, சங்கிலி இணைப்பு ஒன்று, பின்சக்கரத்துக்கு இரண்டு ஸ்போக் எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் முழுவதையும் பின்னால் கட்டினால் ஸ்போக் முறியும். கனமானதில் கொஞ்சத்தை முன்னால் மாற்றுங்கள்.

நியூஃபவுண்ட்லாந்தின் 883 கி.மீ. டிரெயில்வேயும் பழைய ரயில் பாதைதான், ஆனால் அதே வண்டியோடு அங்கே போகாதீர்கள். ஜல்லி பெரிது, நான்குசக்கர மோட்டார் வண்டிகள் ஓடுவதால் பள்ளமும் உண்டு. குறைந்தது 50 மி.மீ. டயர் வேண்டும். தீவின் உட்பகுதியில் கடைகள் அரிது. இரண்டு நாள் உணவும் தண்ணீர் வடிகட்டியும் கையில் இருக்கட்டும். போர்ட் ஓ பாஸ்க் அருகே ரெக்ஹவுஸில் காற்று ரயில் பெட்டிகளையே தண்டவாளத்திலிருந்து சாய்த்திருக்கிறது. காற்று எச்சரிக்கை இருந்தால் ஊரிலேயே ஒரு நாள் தங்கிவிடுங்கள்.