சமுதாயக் கல்லூரியின் வரலாற்றையும் முன்னாள் மாணவர் பட்டியலையும் தொகுக்கும் முறை

பள்ளி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பை வழங்கும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் வரலாற்றை எழுத முன்வருபவர், நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும் அளவுகோல்கள் இங்கே பொருந்தா என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய கல்லூரிகளில் படித்தவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகள் இருந்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றவர்கள். வேறு பலர் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் ஓரிரு பாடங்களை மட்டும் படித்தவர்கள். கல்லூரியும் தன் பெயர், இடம், நிர்வாகம் ஆகியவற்றைப் பலமுறை மாற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, யார் படித்தார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த ஆண்டில், அப்போது எந்தப் பெயரில் இயங்கிய கல்லூரியில், எவ்வளவு காலம் படித்தார் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்க வேண்டும். அதனால்தான் பட்டியலைத் தொடங்குமுன் கல்லூரியின் காலவரிசையை முடித்துவிட வேண்டும் என்கிறேன்.

காலவரிசையில் முதல் சிக்கல் தொடக்க ஆண்டிலேயே வந்துவிடுகிறது. இன்றும் இயங்கிவரும் பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் கல்லூரி ('ஜூனியர் கல்லூரி' என்பது இவ்வகைக் கல்லூரிகளின் பழைய பெயர்). உயர்நிலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கலந்து திட்டமிட்டு, பள்ளிப் படிப்பை முடித்த ஆறு மாணவர்களுக்கு 1901-இல் கல்லூரிப் பாடங்களைத் தொடங்கினார்கள். ஆனால் 'ஜூனியர் கல்லூரி' என்ற பெயர் அந்த அமைப்புக்கு 1910-களில்தான் வந்தது. முதல் வகுப்பு நடந்த நாள், கல்வி வாரியம் ஒப்புதல் அளித்த நாள், பெயர் சூட்டப்பட்ட நாள், தனி வளாகம் திறக்கப்பட்ட நாள் ஆகிய நான்கும் வெவ்வேறு ஆண்டுகளில் அமைவது இக்கல்லூரிகளில் இயல்பு. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது முறையாகாது. நான்கையும் தனித்தனியே எழுதி, கல்லூரி எதைத் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது என்பதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, பெயர் மாற்றங்களை ஆண்டுவாரியாக ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். மயாமி நகரத்துக் கல்லூரி 1960-இல் டேட் கவுண்டி ஜூனியர் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. பின்னர் மயாமி-டேட் ஜூனியர் கல்லூரி, மயாமி-டேட் சமுதாயக் கல்லூரி என்று பெயர் மாறி, நான்காண்டுப் பட்டங்களையும் வழங்கத் தொடங்கிய காலத்தில், 2003-இல், மயாமி டேட் கல்லூரி ஆயிற்று. இந்த அட்டவணை கையில் இல்லாவிட்டால், 1962-ஆம் ஆண்டின் செய்தித்தாளில் வரும் மாணவர் ஒருவர் உங்கள் கல்லூரியைச் சேர்ந்தவர் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். தேடும்போது பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே இட்டுத் தேட வேண்டியிருக்கும்.

நாட்டின் பொது வரலாற்றை எவ்வளவு சேர்ப்பது என்பதில் அளவு தேவை. உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிப் பாடங்களை நடத்த அனுமதித்த கலிபோர்னியாவின் 1907-ஆம் ஆண்டுச் சட்டம், போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்ற 1944-ஆம் ஆண்டுச் சட்டம், 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரை நாடெங்கும் பரப்பிய அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையத்தின் 1947-ஆம் ஆண்டு அறிக்கை ஆகியவை உங்கள் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையையோ கட்டடத்தையோ நேரடியாக மாற்றியிருந்தால் மட்டும் அவற்றை உரிய ஆண்டில் ஓரிரு வரிகளில் சொல்லுங்கள்.

சான்றுகளைத் திரட்டும்போது அறங்காவலர் குழுவின் கூட்டக் குறிப்புகள், ஆண்டுதோறும் வெளியான பாடத்திட்டக் கையேடுகள், மாணவர் செய்தித்தாள், ஆண்டு மலர், உள்ளூர் நாளிதழ் ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்திட்டக் கையேட்டைப் பலர் புரட்டாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் எந்த ஆண்டில் செவிலியர் படிப்பு தொடங்கியது, எந்த ஆண்டில் விமானப் பழுதுபார்ப்புப் படிப்பு நின்றது, மாலை வகுப்புகள் எப்போது பெருகின என்பவற்றையெல்லாம் அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் இல்லை. ஆண்டு மலரை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. பகுதிநேர மாணவர்களும் மாலை வகுப்பினரும் அதில் பெரும்பாலும் படம் எடுத்துக்கொள்வதில்லை. அதில் பெயர் இல்லை என்பதால் ஒருவர் அங்கே படிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இணைக்கப்பட்டும் மூடப்பட்டும் போன கல்லூரிகளின் பகுதியைத்தான் நான் மிகுந்த அக்கறையோடு எழுதச் சொல்வேன். இனப் பிரிவினை நிலவிய காலத்தில் புளோரிடாவில் கறுப்பின மாணவர்களுக்கென்று பன்னிரண்டு ஜூனியர் கல்லூரிகள் இயங்கின. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1957-இல் தொடங்கிய கிப்ஸ் ஜூனியர் கல்லூரி அவற்றுள் ஒன்று. 1960-களில் அவை அருகிலிருந்த, வெள்ளையருக்கென நடத்தப்பட்ட கல்லூரிகளோடு இணைக்கப்பட்டபோது கட்டடங்களையும் தனிப் பெயர்களையும் இழந்தன. இணைத்துக்கொண்ட கல்லூரியின் வரலாற்றை எழுதுபவர், இணைந்த கல்லூரியின் தொடக்கத்தையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அதே முழுமையோடு எழுதாவிட்டால், அந்த மாணவர்களுக்குத் தங்கள் கல்லூரியின் வரலாறு என்று காட்ட வேறோர் இடம் இருக்காது.

இனி முன்னாள் மாணவர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று நிலைகளில் ஒன்றைத் தவறாமல் குறியுங்கள்: அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுப் படிப்புக்கான பட்டம்) பெற்றவர், சில காலம் படித்து வேறிடம் மாறியவர், ஓரிரு பாடங்கள் மட்டும் படித்தவர். விண்வெளி ஓடத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் 1976-இல் அசோசியேட் பட்டம் பெற்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பைத் தொடர்ந்தவர். அவர் முதல் நிலையைச் சேர்ந்தவர். நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டு நகரின் சாபோ கல்லூரியில் படித்துவிட்டு சாக்ரமென்டோவிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். அந்தக் கல்லூரி தமக்குத் தந்தவற்றைப் பற்றி 2015-இல் அவரே நாளிதழில் எழுதியிருக்கிறார். இவரை 'பட்டதாரி' என்று எழுதினால் அது பிழை. 'மாறிச் சென்றவர்' என்று எழுதினால் அதில் குறைவொன்றும் இல்லை. மாறிச் செல்வதற்கு வழியமைத்துக் கொடுப்பதே இக்கல்லூரிகள் ஏற்படுத்தப்பட்டதன் தலையாய நோக்கங்களில் ஒன்று.

கலிபோர்னியாவின் பாசடீனா சிட்டி கல்லூரியைச் சற்று உற்றுப் பார்த்தால் காலவரிசை ஏன் முதலில் வேண்டும் என்பது விளங்கும். 1924-இல் பாசடீனா ஜூனியர் கல்லூரியாகத் தொடங்கிய அது, 1928 முதல் 1953 வரை, உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளையும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாக இணைத்து நான்காண்டு அமைப்பாக நடந்தது. 1954-இல் ஜான் மியூர் கல்லூரியோடு இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. இடைப்பட்ட அந்தக் கால் நூற்றாண்டில் 'பாசடீனா ஜூனியர் கல்லூரி மாணவர்' என்று ஓர் ஆவணம் சொன்னால், அவர் கல்லூரிப் பாடம் படித்தவராகவும் இருக்கலாம், பள்ளி வகுப்பில் இருந்தவராகவும் இருக்கலாம். பின்னாளில் பேஸ்பால் பெருங்கூட்டமைப்புகளில் கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்த நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், உயர்நிலைப் பள்ளியை வேறிடத்தில் முடித்துவிட்டு இங்கே வந்தவர் என்பதால் அவர் கல்லூரி மாணவரே. 1938-இல் நீளம் தாண்டுதலில் தம் அண்ணன் மேக் ராபின்சனின் சாதனையை இங்கே படிக்கும்போதுதான் முறியடித்தார். அந்த அண்ணனும் இதே கல்லூரியில் படித்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். தம்பியின் புகழில் அண்ணனை விட்டுவிடும் பட்டியல் குறையுடைய பட்டியலே. எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரோ பெயர் மாறிய பிறகு சேர்ந்து, பகலில் வேலை செய்து இரவில் படித்து 1968-இல் அசோசியேட் பட்டம் பெற்றவர். எழுத்தால் அவர் ஈட்டிய முதல் வருமானம் இக்கல்லூரியின் சிறுகதைப் போட்டியில் கிடைத்த 15 டாலர். பட்டியலில் இவ்வாறு கல்லூரிக்குள் நடந்த ஒரு செயலைச் சேர்த்து எழுதுங்கள். பிற்காலப் பதவிகளும் விருதுகளும் எங்கும் கிடைக்கும்.

இணையத்தில் உலவும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பத்துத் தளங்கள் ஒரே பெயரைச் சொன்னாலும், அவை அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தால் அது ஒரு சான்று மட்டுமே. அந்த மனிதர் தாமே சொன்னது, அவர் காலத்து மாணவர் செய்தித்தாள், பட்டமளிப்பு விழா நிரல் ஆகியவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்க்காமல் பெயரைச் சேர்க்காதீர்கள். ஒரே பெயர் கொண்ட இருவரைக் குழப்பிக்கொள்ளாதிருக்கப் பிறந்த ஆண்டையும் ஊரையும் ஒப்பிடுங்கள்.

பதிவாளர் அலுவலகத்தையும் நாடலாம். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டம் மதிப்பெண் போன்றவற்றை மாணவரின் ஒப்புதலின்றி வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் படித்த காலத்தையும் பெற்ற பட்டத்தையும் பொது விவரமாக வகைப்படுத்திய கல்லூரிகள், மாணவர் ஆட்சேபித்திராவிட்டால், அவற்றைத் தெரிவிக்கலாம். கேட்கும் கடிதத்தில் முழுப்பெயரையும், மாணவப் பருவத்தில் வேறு பெயர் இருந்திருந்தால் அதையும், ஏறத்தாழ எந்த ஆண்டுகள் என்பதையும் எழுதி, படித்த காலம், பெற்ற பட்டம் ஆகிய இரண்டை மட்டும் கேளுங்கள். உறுதிப்படுத்த இயலாது என்று பதில் வந்தால் அந்தப் பெயரைத் தனிக் கோப்பில் நிறுத்தி வையுங்கள். வேறொரு சான்று கிடைக்கும்போது அதைப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.