திருவிருந்துக்கு முன் ஒரு பிடி அரிசி
குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் ஒதுக்கி ஆலயத்தில் சேர்க்கும் பழைய வழக்கத்தை, மாதந்தோறும் வரும் திருவிருந்தோடு (இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் வழிபாட்டோடு) இணைத்துக்கொள்ளலாம். அந்த விருந்துக்குக் கூடியபோது ஏழைகள் பசித்திருக்க, வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டதைத்தான் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்) கண்டித்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்பச் சேர்த்து வைக்கும்படி அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் வழியும் சொன்னார்.

ஒரு பிடி சுமார் 40 கிராம் இருக்கும். இருவேளையும் எடுத்தால் மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் சேரும். வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள். (வண்டு விழுந்த அரிசியைக் கொடுப்பது, என் பார்வையில், கொடாமையைவிட மோசம்.)

அடைமழையில் ரப்பர் பால்வெட்டு நின்று கூலி இல்லாமற்போகும் வீடுகளை, எந்தச் சாதி, எந்தச் சபை என்று பாராமல், முதலில் நினையுங்கள். ஆலய வாசலில் பெயர் வாசித்துக் கொடுக்க வேண்டாம். அரிசியோடு ஒரு தேங்காயும் கொஞ்சம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) சேர்த்து, இருட்டிய பிறகு வீட்டுக்கே கொண்டுசென்று, சற்று நேரம் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் தரும் கட்டன்சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) மறுக்காமல் குடித்துவிட்டு வாருங்கள்.