சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரையில் அடம்புக்கொடியை அடையாளம் காண

காலையிலேயே போங்கள்; ஊதாப்பூ மதியத்துக்குள் வாடிவிடும். ஆனால் பூவைவிட இலையைத்தான் நான் நம்புவேன். நுனி இரண்டாகப் பிளந்து ஆட்டுக்குளம்பு போல இருக்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை கான்வால்வுலஸ் பேரினத்தில் சேர்த்தார். இன்று இதன் அறிவியல் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. கடற்கரை அவரையும் மணலில் இப்படித்தான் படரும், பூநிறமும் ஏமாற்றும். ஆனால் அவரைக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள்.

குனிந்து கணுக்களைப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கி மணலைக் கவ்வியிருக்கும். என் பேத்தியிடம், "இழுக்காதே கண்ணு, ஒரு முழம் பிடுங்கினா அவ்வளவு பிடிப்பும் போச்சு" என்பேன். பூங்காச் செடிகளை அனுமதியின்றிப் பறிப்பது இங்கே சட்டப்படியும் குற்றம். பாயைக் கொடியிலிருந்து தள்ளி விரியுங்கள். படம் எடுத்தால் இலை, கணு இரண்டும் தெரிய எடுங்கள்.