கட்டுரை நோட்டுத் திருத்துகிறவர்களும் கொஞ்சம் எழுத வேண்டும்

தமிழ் ஆசிரியர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், "கடைசியாக எப்போது ஒரு பக்கம் சொந்தமாக எழுதினீர்கள்?" என்று. பாடக்குறிப்பும் விடுப்பு விண்ணப்பமும் கணக்கில் வராது. நானும் 11 ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். பிள்ளைகளுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

பயிற்சிகளுக்குப் போகாமல் இல்லை. காலையில் வருகைப் பதிவு, பவர்பாயிண்ட், டீ, சார்ட் பேப்பரில் குழுச் செயல்பாடு, மாலையில் ஒரு படிவம். 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது. சரி, அந்த 50 மணியில் ஆசிரியர் பேனாவை எடுத்து எழுதுகிற நேரம் எவ்வளவு? நான் போனவற்றில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் 'பே ஏரியா ரைட்டிங் புராஜெக்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார். கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டி, அவர்களையே எழுதவைத்து, வகுப்பில் தாங்கள் செய்து பார்த்ததைச் சக ஆசிரியர்களுக்குச் செய்துகாட்டச் சொன்னார். அதுதான் பிறகு நேஷனல் ரைட்டிங் புராஜெக்ட் ஆகி அமெரிக்கா முழுக்கப் பரவியது. நமக்குப் பல்கலைக்கழகமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கூடி எழுத ஐந்து ஆசிரியர்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரமும் போதும்.

ஐந்து அல்லது ஆறு பேர்தான். அதற்கு மேல் போனால் எல்லாரும் படித்துக்காட்ட நேரம் இருக்காது. ஒரே பள்ளிக்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியர் எதிரில் உட்கார்ந்திருந்தால் யாரும் தன் எழுத்தைத் திறந்துகாட்ட மாட்டார்கள். ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தால் ரொம்ப நல்லது. வாட்ஸ்அப் குழு தேதி சொல்ல மட்டும், இல்லையென்றால் இரண்டே வாரத்தில் காலை வணக்கப் படங்களாக நிரம்பிவிடும்.

முதல் அரை மணி நேரம் பேச்சே கிடையாது, எழுத வேண்டும். தலைப்பை வெளியே தேடாதீர்கள், போன வாரம் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்து பேர் இப்படிக் கூடியபோது முதலில் எடுத்தது 'நான் கண்ட திருவிழா'. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஐந்து பேரில் மூன்று பேர் 'நம் நாடு விழாக்களின் நாடு' என்கிற மாதிரிதான் ஆரம்பித்திருந்தோம், கைடைப் பார்த்து எழுதாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிற அதே மூன்று பேர். நான் படித்து முடித்ததும் ஆங்கில ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தத் திருவிழாவில் யார் செருப்பு தொலைந்தது?" தொலைந்திருந்தது, என் தம்பியுடையது. சுடுமணலில் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு நான் வீடுவரை நடந்தேன். அதை எழுதியபோதுதான் கட்டுரை வந்தது. மறு வாரம் வகுப்பில் முன்னுரை பற்றி ஒன்றும் சொல்லாமல் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டேன், வழக்கமாக ஐந்து வரியோடு நிறுத்துகிறவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

படித்துக்காட்டும்போது 'அருமை', 'சூப்பர் சார்' இரண்டுக்கும் தடை. கேட்டவர்கள் மனதில் நின்ற வரி எது, எங்கே கவனம் நழுவியது, இன்னும் என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று மட்டும் சொன்னால் போதும். எழுதியவர் நடுவில் புகுந்து விளக்கம் கொடுக்கக் கூடாது. (பேசிப் பழகிய தொழில் நம்முடையது, இது கஷ்டம்தான்.)

அடுத்த ஒரு மணி நேரம் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு. ஒரே கட்டுரையை எல்லாரும் தனித்தனியாகத் திருத்தி எட்டுக்கு மதிப்பெண் போட்டு, ஒன்றாகக் காட்டுங்கள். எங்களுக்கு 3இலிருந்து 7 வரை வந்தது! மூன்று போட்டவர் ஒற்றுப்பிழைகளை எண்ணியிருந்தார், ஏழு போட்டவர் கைடில் இல்லாத ஒரு கண்மாயும் தவளைச் சத்தமும் இருந்ததற்காகக் கொடுத்திருந்தார். இதில் யார் சரி என்று சண்டை போட வேண்டாம். இந்தத் தலைப்பில், இந்த முறை, எதற்கு மதிப்பெண் என்று முன்கூட்டியே முடிவுசெய்து பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திருத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 40 பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், 200 நிமிடம். மூன்று பிரிவு என்றால் பத்து மணி நேரம். யாராலும் முடியாது, அதனால்தான் கடைசியில் ஒரு டிக்கும் கையெழுத்துமாக முடிகிறது. எனவே எல்லாப் பிழையையும் சுழிப்பதை விடுங்கள். முதல் முறை விஷயத்தை மட்டும் படித்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். அவன் திருப்பி எழுதி வந்த பிறகு ஒரே வகைப் பிழை, இந்த மாதம் வல்லினம் மிகும் இடம், அடுத்த மாதம் ல, ழ, ள. 'கண்மாய்ல' என்று எழுதியிருந்தால் 'கண்மாயில்' என்று மேலே எழுதிவிட்டு நகருங்கள், சிவப்பு வட்டத்தில் தவளைச் சத்தம் அமுங்கிப்போகக் கூடாது.

கலைவதற்கு முன் ஆளுக்கு ஒன்றை வகுப்பில் செய்து பார்ப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அதன் நோட்டுகளோடு வர வேண்டும், சொதப்பியிருந்தாலும். எட்டாம் வகுப்பில் பிள்ளைகளே ஒருவர் நோட்டை ஒருவர் திருத்தட்டும் என்று விட்டேன். பாதிப் பேர் 'நன்று' போட்டார்கள், மீதிப் பேர் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார்கள். பிடித்த வரியின் கீழ் கோடு, கடைசியில் ஒரு கேள்வி, அவ்வளவுதான் என்று வேலையைச் சுருக்கிய பிறகுதான் உருப்பட்டது.

நான்கைந்து மாதம் போனதும் பிள்ளைகள் எழுதியதில் நல்லதைத் 'தேன்சிட்டு'க்கும், உங்களுடையதைக் 'கனவு ஆசிரியர்' இதழுக்கும் அனுப்பிப் பாருங்கள், பள்ளிக்கல்வித் துறையே நடத்துபவைதானே. முதல் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியது கோடுபோட்ட நோட்டு ஒன்று, பேனா இரண்டு, மதிப்பெண் போடத் தடுமாறிய கட்டுரைகள் மூன்று. பெயரை மறைத்து ஜெராக்ஸ் எடுங்கள், அசலைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.