பிசியோதெரபிக்குப் போகிறவர் அறிந்து செய்ய வேண்டியவை

எலும்பு மருத்துவர் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் பிசியோதெரபி என்று எழுதிக் கொடுத்தால், நம்மில் பலர் அதைக் கரண்ட் வைத்துக்கொள்ளும் சிகிச்சை என்றே புரிந்துகொள்கிறோம். பத்து நாள் போய்ப் படுத்து, மூட்டைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, கருவியின் குறுகுறுப்பு அடங்கியதும் வீடு திரும்பி, பதினோராம் நாள் வலி அப்படியே இருக்கிறது என்று நொந்துகொள்கிறோம். வலியைச் சற்று நேரம் தணித்து, உடற்பயிற்சி செய்யும் நிலைக்கு உடலைக் கொண்டுவர அக்கருவிகள் உதவலாம். குணமாக்கும் வேலையைச் செய்வது பயிற்சிதான். பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவத்தில் மருந்து என்பது அளந்து தரப்படும் அசைவு. அதன் பெரும்பகுதியை நோயாளி தம் வீட்டில், தம் கையாலும் காலாலும்தான் உட்கொள்ள வேண்டும்.

அசைவு எப்படி மருந்தாகிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சியைத் தவறவிட மனம் வராது. மூட்டின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டின் மீது சுமை ஏறி இறங்கும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டதுபோல, மூட்டு நீர் அதனுள் போய் வருவதன் மூலமே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. கிழிந்த நார் ஆறும்போது உருவாகும் புதிய இழைகள் முதலில் தாறுமாறாகத்தான் அமைகின்றன. அளவான இழுவிசை தொடர்ந்து கிடைக்கும்போதுதான் அவை இழுபடும் திசையில் வரிசைப்பட்டு வலுப்பெறுகின்றன. அசையாத தசையோ சில நாட்களிலேயே மெலியத் தொடங்கிவிடுகிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு, நரம்புகள் அந்தத் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருமனாவதற்கு அதற்கு மேலும் பல வாரங்கள் ஆகும். ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பிசியோதெரபிஸ்ட் கணக்குச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முதல் நாள் செய்ய வேண்டியவை

பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவரிடம் போகிறீர்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எங்கே வலிக்கிறது என்பதோடு, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "மாடிப்படி இறங்க முடியவில்லை", "தலை வாரக் கை எழவில்லை", "பஸ் படியில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது" என்பன போன்ற சொற்களிலிருந்துதான் நல்ல சிகிச்சைத் திட்டம் பிறக்கிறது.

அவர் மூட்டை அசைத்துப் பார்த்து, அது எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து, தசையின் வலுவைச் சோதித்து, உங்களை நடக்கச் சொல்லிக் கவனிக்க வேண்டும். தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராகக் கருவியின் முன் படுக்கவைக்கும் இடத்தில் நீங்கள் பணத்தையும் காலத்தையும் இழப்பீர்கள் என்பது என் உறுதியான கருத்து. எந்த அசைவு குறைந்திருக்கிறது, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, வீட்டில் எந்தப் பயிற்சியை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்வது, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பவற்றைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அளந்த பாகையையும் தேதியோடு குறித்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் மூன்று வாரம் கழித்து அந்த எண்ணில் தெரியும்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம்

நடுவயதைக் கடந்தவர்களைப் பிசியோதெரபிக்கு அனுப்பும் நோய்களில் முதன்மையானது இது. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், நடந்தால் இன்னும் தேயும் என்று அஞ்சி நடையைக் குறைப்பவர்கள் மிகப் பலர். அந்த அச்சமே நோயை வளர்க்கிறது. நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும், தொடைத் தசை மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டிலேயே இறங்கும், வலி கூடும், நடை மேலும் குறையும். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தின் அளவும் ஒருவர் உணரும் வலியின் அளவும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டு ஒன்றை முழங்காலுக்கு அடியில் வைத்து, அந்தத் துண்டை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்துவது முதல் பயிற்சி. தொடையின் முன்பக்கம் இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். ஐந்து நொடி அப்படியே இருந்துவிட்டுத் தளர்த்தி, பத்து முறை செய்யலாம். இரண்டாவதாக, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்ற காலை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க, வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்வது நல்ல வழி.

இவை எளிதானதும், என் பார்வையில் எல்லாவற்றிலும் பயனுள்ள பயிற்சியான நாற்காலிப் பயிற்சிக்கு வரலாம். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டி, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மூன்று வரை எண்ணிக்கொண்டு மெல்ல உட்கார வேண்டும். பொத்தென்று விழாமல் மெல்ல உட்காரும் அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு உண்மையான வேலை இருக்கிறது. பத்து முறை சிரமமில்லாமல் வந்ததும் இரண்டு சுற்று, பிறகு மூன்று சுற்று. பிறகு தலையணையை எடுத்துவிடலாம். அளவைக் கூட்டாமல் அதே பத்து முறையிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவது, பயிற்சி பலிக்கவில்லை என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் காரணம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு, 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டம் ஒன்று எளிய அளவுகோலைத் தந்திருக்கிறது. வலியே இல்லை என்பதற்குப் பூஜ்யம், தாங்கவே முடியாத வலிக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது ஐந்து வரை வலிக்கலாம். ஆனால் கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர, பயிற்சியையே விட்டுவிடக் கூடாது.

கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடக்கையில் தடி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணித்தது; ஆகவே உணவுக் கட்டுப்பாடும் இந்தச் சிகிச்சையின் பகுதியே. சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் வலி மிகுந்திருக்கும் காலத்தில் தவிர்க்கலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் தரையில் உட்காரவே கூடாது என்று எல்லாருக்கும் ஒரே தடை போடுவதை நான் ஏற்பதில்லை. தொடையில் வலு திரும்பிய பலர் தரையில் அமர்ந்து எழுகிறார்கள்.

தோள் இறுக்கம்

ரவிக்கைக் கொக்கியை மாட்டவோ, பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கவோ கை பின்னால் போக மறுக்கும் இந்த நோயை உறைந்த தோள் என்று 1934-இல் பெயரிட்டு எழுதியவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் கோட்மேன். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் மிகுதியாக வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களை விட அதிகமாக வரும், நீண்ட நாள் நீடிக்கவும் செய்யும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியுற்றுச் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். தானே தூக்க முடியாத கையை இன்னொருவர் தூக்கிவிட்டால் முழுவதும் எழுகிறது என்றால், அது பெரும்பாலும் தசைநார்க் கிழிவாக இருக்கலாம். இன்னொருவர் தூக்கினாலும் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிட்டால் அது தோள் இறுக்கம். இந்த வேறுபாட்டைச் சோதிக்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது.

முதல் கட்டம் வலியின் கட்டம். இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. இந்தக் கட்டத்தில் கையை மடக்கி இழுத்துத் திறக்க முயல்வது பெரும் பிழை. வலி எல்லைக்குள் மட்டும் அசைத்தவர்களையும், வலியைத் தாண்டிக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது; 77 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், இரண்டாண்டு முடிவில் மென்மையாகச் செய்தவர்களே மேம்பட்ட நிலையில் இருந்தார்கள். எனவே மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளி ஆடுவதைப்போல மெல்ல ஆட்டுவது மட்டும் இப்போது போதும். அதற்கு முன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாமல் போகக்கூடும் என்பதால் மற்றொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

இரவு வலி குறைந்து இறுக்கம் மட்டும் எஞ்சும் காலத்தில்தான் நீட்சிப் பயிற்சிகளுக்கு வேளை வருகிறது. சுவரில் விரல்களால் ஏறி, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். குளித்து முடித்ததும் துண்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, மேலே இருக்கும் நல்ல கையால் கீழே இருக்கும் கையை இழுத்துப் பதினைந்து நொடி நிறுத்துங்கள். முழுவதும் விடுபட ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை ஆகலாம். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

சுளுக்கு, மாவுக்கட்டு, இடுப்பு வலி

கணுக்கால் உட்பக்கமாக மடங்கிச் சுளுக்கினால், நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எலும்பு முறிவு இல்லை என்று தெரியும் முன் எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வைத்து, துணிப்பட்டை கட்டி, பிறகு தாங்குகிற அளவுக்கு ஊன்றி நடக்கத் தொடங்கலாம். வீக்கம் வற்றியதும் எல்லாரும் மறந்துவிடும் பயிற்சி, சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நிற்பது. கிழிந்த நாரோடு, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிப்போகிறது. அதைத் திரும்பப் பழக்காதவர்களுக்கே அதே கால் மீண்டும் மீண்டும் சுளுக்குகிறது.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருப்பவர்கள், மருத்துவர் தடுக்காத வரை, கட்டு போட்ட நாளிலிருந்தே விரல்களையும் தோளையும் அசைத்துவர வேண்டும். கட்டு பிரிக்கும் வரை கையைத் தூளியில் போட்டுச் சும்மா வைத்திருந்தால், முறிவு கூடிய பிறகும் விரல்கள் மடங்காமல் தனித் துன்பமாகிவிடும். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

திடீர் இடுப்பு வலிக்குப் படுத்தே கிடப்பது மருந்தல்ல. இயன்ற அளவு நடமாடுபவர்களே விரைவில் தேறுகிறார்கள். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ, கால் வலுவிழந்துகொண்டே போனாலோ பிசியோதெரபிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின்

இங்கே பயிற்சியாளர் குடும்பம்தான். நோயாளியைத் தூக்கும்போது வாதம் பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தசையால் தோள் மூட்டைப் பிடித்துவைக்க முடியாமல், மூட்டு இறங்கிவிடும். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். மூளையின் எஞ்சிய பகுதிகள் இழந்த வேலையைத் திரும்பக் கற்பது, அந்த வேலையையே பலமுறை செய்வதால்தான். ஆகவே வெறுமனே கையை ஆட்டிவிடுவதை விட, டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது, புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது போன்ற வேலைகளைத் தரலாம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் நின்றுவிடுவதில்லை.

படுத்த நோயாளியை ஆட்டோவில் ஏற்றித் தினமும் கொண்டுபோக முடியாத குடும்பங்கள், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அத்திட்டத்தில் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும் நாளில், நோயாளியை இரவும் பகலும் பார்த்துக்கொள்பவர் யாரோ அவர் அருகில் இருந்து ஒவ்வோர் அசைவையும் தம் கையால் ஒருமுறை செய்து காட்டித் திருத்தம் கேட்டுக்கொள்ள வேண்டும்; அடுத்த வருகை வரை அந்தச் சிகிச்சை அவர் கையில்தான் இருக்கும்.