கவுன்சிலர் ஓட்டு கேட்டு வருவதற்கு முன் ஒரு டேப் வாங்கி வையுங்கள்

"நடைபாதை வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் வேட்பாளர் சென்னையில் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். அதனால் அந்தக் கேள்வியால் பயனில்லை. நடைபாதைக்காக எந்தத் தெருவில், யாருடைய வண்டி நிற்கும் இடத்தை எடுப்பீர்கள் என்று கேட்டால்தான் ஆள் தெரியும். அப்படிக் கேட்க, உங்கள் தெருவைப் பற்றி வேட்பாளரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? 2022 மாநகராட்சித் தேர்தலில் வேட்புமனு வாபஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு பிப்ரவரி 19. இறுதிப் பட்டியல் கைக்கு வந்தபின் கிடைத்தது 12 நாள். தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

படி 1: எந்த ரோடு யாருடையது

மாநகராட்சி இணையதளத்தில் வார்டு வரைபடம் இருக்கும். ஒரு பிரதி எடுத்து, ரோடுகளுக்கு மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். உட்புறச் சாலைகளைப் பார்ப்பது மண்டல அலுவலகம். பஸ் போகும் பெரிய ரோடுகள் பலவற்றை மாநகராட்சியின் பேருந்து தடச் சாலைகள் துறை பார்க்கிறது. அண்ணா சாலை மாதிரியானவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. நிறம் தெரியாத ரோட்டுக்கு வார்டு ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் "நானே நடைபாதை போட்டுத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கும் வேட்பாளருக்கு வேலை தெரியவில்லை என்று பொருள். மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவேன், துறைக்குக் கடிதம் எழுதுவேன் என்பதுதான் அங்கே நேர்மையான பதில்.

படி 2: ஒரு கிலோமீட்டர் அளங்கள்

5 மீட்டர் டேப், நோட்டு, இரண்டு பேர். பள்ளி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் மூன்றையும் இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வேலைநாளில் காலை 8 மணிக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை. ஞாயிறு காலையில் போனால் டூவீலர்களும் கடைப் பலகைகளும் இல்லாமல் தெரு அழகாக இருக்கும். அந்த அளவு எதற்கும் உதவாது.

நடைபாதையின் மொத்த அகலத்தை எழுதாதீர்கள். எழுத வேண்டியது தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐஆர்சி 103 குடியிருப்புப் பகுதிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. 2 மீட்டர் நடைபாதையில் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் ஒன்று நின்றால், அதைத் தாண்ட 60 செ.மீ.தான் மிஞ்சும். வீல்சேர் அங்கேயே நின்றுவிடும். அந்த 60 தான் உங்கள் கணக்கு.

அடுத்து உயரம். ரோட்டிலிருந்து நடைபாதை 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. சென்னையில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவது. ஓரக்கல் 5 செ.மீ. ஆகிவிடும், டூவீலர் எளிதாக ஏறும். வீடுகள் ரோட்டைவிடத் தாழ்ந்து மழைத்தண்ணீரும் உள்ளே வரும். மில்லிங் (பழைய தாரைச் சுரண்டுவது) செய்த பிறகே தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அது நடந்ததா என்று பழைய வீடுகளின் வாசற்படியைப் பார்த்தாலே தெரியும்.

மற்றது நேர் எதிர். மழைநீர் வடிகாலின் மேல்மூடியையே நடைபாதை என்று விட்டுவிடுவது. 30, 40 செ.மீ. உயரத்தில் நிற்கும், ஒவ்வொரு கேட்டுக்கும் வெட்டு விழும், மூடியின் இரும்பு வளையம் காலை இடறும். ஏறி இறங்கி முழங்கால் போன பாட்டிகள் ரோட்டிலேயே நடப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 100 மீட்டரில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். வேட்பாளரிடம் காட்ட இதைவிட நல்ல எண் கிடையாது.

சிக்னல் இருந்தால் பச்சை எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். வழக்கமான கணக்கு நொடிக்கு 1.2 மீட்டர். 24 மீட்டர் ரோட்டுக்கு 20 நொடி. வயதானவர்களுக்கு 30 நொடியாவது வேண்டும்.

படி 3: காகிதம்

பதவியில் இருப்பவரே மறுபடி நின்றால் அவர் செய்தது பதிவில் இருக்கிறது. மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ போடுங்கள். "வார்டு மேம்பாட்டு நிதியில் இந்தப் பதவிக்காலத்தில் செய்த பணிகள்: தெரு, தொகை, முடிந்த தேதி" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் நடைபாதை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தைத்தான் தருவார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். பதிலுக்கு 30 நாள். இரண்டு மாதம் முன்பே என்று சொன்னது இதற்காகத்தான்.

புதியவர் என்றால் இந்தப் படி அநேகமாக வெறுமையாகவே இருக்கும். பரவாயில்லை.

படி 4: வாசலில் கேட்பது

பிரசாரக் கூட்டத்தோடு வரும்போது இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். வார்டில் பெண் வேட்பாளர் நின்றால், பதிலும் அவரிடமிருந்தே வர வேண்டும். கூட வந்த கணவர் முந்திக்கொண்டால், "அக்கா சொல்லட்டுங்க அண்ணா" என்று சிரித்தபடி சொல்லிவிடலாம்.

தெருப் பெயரோடு கேளுங்கள். மாதிரிக்கு:

"பள்ளிக்கூடத் தெருவில ரெண்டு பக்கமும் கார் நிக்குதுங்க. ஒரு பக்கம் எடுத்தாதான் நடைபாதை வரும். எந்தப் பக்கம் எடுப்பீங்க?"

"எல்லாருக்கும் பாதிப்பு இல்லாம பார்த்துக்கலாம்" என்றால் சுழியம். "கடைக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசணும், வடக்குப் பக்கம் சுலபம்" என்றால் யோசித்திருக்கிறார்.

"ஆக்கிரமிப்பை எடுப்பேன்" என்ற பதிலில் ஏமாறாதீர்கள். யாருடைய ஆக்கிரமிப்பு என்று திருப்பிக் கேளுங்கள். பூக்காரம்மா மட்டும் அவர் கண்ணில் பட்டு, பங்களா வாசலின் கான்கிரீட் சாய்தளமும் நிறுத்திய காரும் படவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தச் சட்டத்தில் வரும் விற்பனைக்குழு, விற்பனை மண்டலம் (வியாபாரத்துக்கு ஒதுக்கும் இடம்) என்ற சொற்கள் தெரிந்தவர் என்றால் மதிப்பெண் கூட்டலாம்.

"பாண்டி பஜார் மாதிரி ஆக்குவேன்" என்பார்கள். அது 2019-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பணத்தில் வந்தது. வார்டு நிதியில் எது முடியும் என்று கேளுங்கள்: இரண்டு தெருமுனையில் சாய்தளம், உடைந்த மூடி மாற்றுவது, பள்ளி வாசலில் வேகத்தடையும் கோடும். இவ்வளவு முடிந்தாலே பெரிது.

சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்காதீர்கள். உட்புறத் தெருக்களில் இடமிருக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு தந்த சைக்கிளில் பெரிய ரோட்டைக் கடக்கும் இடம் எது, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அடுத்த முறை தார் போடும்போது மில்லிங் நடப்பதை எப்படி உறுதி செய்வீர்கள் என்றும் கேளுங்கள்.

படி 5: மதிப்பெண்

வண்டி நிறுத்தம், வியாபாரி, வார்டு நிதி, சைக்கிள், மில்லிங் என ஐந்து கேள்விக்குத் தலா 2. தெருப் பெயரும் செய்யும் வழியும் சொன்னால் 2, பார்க்கிறேன் என்றால் 1, வெறும் வாக்குறுதிக்கு 0. எல்லா வேட்பாளருக்கும் அதே ஐந்து. பிடித்த கட்சிக்காரருக்கு எளிய கேள்வி போட்டால் தாளைக் கிழித்துவிடலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, வித்தியாசம் வந்த இடத்தில் மட்டும் பேசுங்கள்.

தாளில் தேதியும், அவர் சொன்ன வார்த்தையை அப்படியேயும் எழுதுங்கள். ஜெயித்தவருடைய தாளை முதல் பகுதி சபை (வார்டு மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசும் சபை) கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள், டேப்பையும் சேர்த்து.