ஃபோலிக் அமில மாத்திரை: கருத்தரிக்கும் முன்பே ஏன் தொடங்க வேண்டும், எவ்வளவு, எதுவரை

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்குங்கள். "டெஸ்டில் இரண்டு கோடு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் நேரம் போய்விடும்.

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்பக்கம் தட்டையான ஒரு தகடு தோன்றும். அதன் ஓரங்கள் இரண்டும் மேலே எழும்பி, உள்பக்கம் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகும். இதுதான் நரம்புக்குழாய், மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் வருகின்றன. தலைப்பக்க வாய் சுமார் 25ஆம் நாளிலும் கீழ்ப்பக்க வாய் சுமார் 28ஆம் நாளிலும் மூடிக்கொள்ளும், அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. தலைப்பக்கம் மூடாமல் போனால் அனென்செஃபாலி, அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா: கால்கள் பலவீனமாகலாம், சிறுநீரும் மலமும் கட்டுக்குள் இல்லாமல் போகலாம், பலருக்கு மூளையில் நீரும் கோத்துக்கொள்ளும்.

குழாய் மூடாத இந்தக் குறை வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் ஃபோலிக் அமிலம். சரி, எவ்வளவு? பெரும்பாலானவர்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து 12 வாரக் கர்ப்பம் வரை. இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. ஒருநாள் மறந்தால் பரவாயில்லை, மறுநாள் வழக்கம்போல் ஒன்று போதும். அளவு கூட்டுகிறேன் என்று மல்டிவைட்டமினை இரண்டு மூன்றாக விழுங்காதீர்கள், அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல்.

முன்பு இந்தக் குறையுள்ள கர்ப்பம் ஏற்பட்டிருந்தால் 400 போதாது, 4 அல்லது 5 மில்லிகிராம் டாக்டர் எழுதித் தருவார். 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய், அதிக உடல் எடை, வலிப்புக்கு வால்ப்ரோயேட் போன்ற மருந்து, இதில் எது இருந்தாலும் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

திட்டமிடாமல் கரு தங்கிவிட்டதா? தெரிந்த அன்றே தொடங்குங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பைனா பைஃபிடா அதில் தெரிந்தால், சிலருக்கு 26 வாரத்துக்குள் கருப்பையிலேயே அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது. எல்லாம் சரியாகச் செய்தும் சில கருக்களில் இந்தக் குறை வருகிறது, அதற்கு எந்தத் தாயும் காரணமில்லை.